பூனைக்கு ஆடும் படுக்கை: வாங்குவதும் பழக்குவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடும் படுக்கை வாங்கியவர்களின் புலம்பல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: பூனை ஒரு தடவை ஏறியது, படுக்கை சரிந்தது, குதித்து ஓடியது, அதன்பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. படுக்கை ஆடியது தவறில்லை. பூனை ஏறும் நொடியில் ஆடியதுதான் தவறு. ஏறும்போதும் இறங்கும்போதும் அசையாமல் இருந்து, பூனை உள்ளே புரளும்போது மட்டும் மெல்ல ஆடுவதே நல்ல படுக்கை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

பூனைக்கு ஆட்டம் உண்மையிலேயே பிடிக்குமா?

சில பூனைகளுக்குப் பிடிக்கும், சிலவற்றுக்குப் பிடிக்காது. ஆட்டம் தூக்கத்தை வரவழைக்கும் என்பதற்கு மனிதர்களிடமும் எலிகளிடமும் சான்று உண்டு. 2019-இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் வந்த இரண்டு ஆய்வுகளில், மனிதர்கள் 4 நொடிக்கு ஒருமுறை ஆடும் கட்டிலிலும், எலிகள் நொடிக்கு ஒருமுறை ஆடும் கூண்டிலும் சீக்கிரம் தூங்கின. உட்காதில் அசைவை உணரும் உறுப்பு வேலை செய்யாத எலிகளுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. இதைப் பூனைக்கும் அப்படியே பொருத்திச் சொல்வது விளம்பரக்காரர்களின் வேலை.

பூனைகள் இந்தப் படுக்கைகளில் போய்ப் படுப்பதற்கு வேறு காரணங்கள் போதும். குழிவான துணி உடம்பைச் சுற்றி அணைக்கிறது, தரையிலிருந்து கொஞ்சம் உயரம் கிடைக்கிறது, முதுகுக்குப் பின்னால் ஒரு மறைவு இருக்கிறது. ஆட்டம் அதற்கு மேல் ஒரு கொசுறு. ஆகவே, ஆடாமல் நிறுத்தி வைத்தாலும் நல்ல படுக்கையாக இருக்குமா என்று முதலில் பாருங்கள். அதில் தேறாததை ஆட்டம் வந்து காப்பாற்றாது.

என்னென்ன வகைகள் உள்ளன?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

தொட்டில் வகை: அடியில் வளைந்த கட்டைகள் இருக்கும், ஆடுநாற்காலியைப் போல. தரையோடு ஒட்டியிருப்பதால் உயரம் குறைவு, ஆட்டமும் குறுகியது. முதல்முறை வாங்குபவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். ஆப்பு வைத்து முழுவதும் நிறுத்திவிட முடியும் என்பது இதன் பெரிய வசதி.

ஊஞ்சல் வகை: ஒரு சட்டத்திலிருந்து நான்கு கயிறுகளில் ஒரு பலகையோ கூடையோ தொங்கும். நான்கு கயிறுகளும் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் பலகை ஆடும்போதும் சாயாது, மட்டமாகவே முன்னும் பின்னும் போய்வரும். இது பூனைக்குப் பழக எளிது. நான்கும் மேலே ஒரே கொக்கியில் சேர்ந்தால் கதை வேறு. பலகை எல்லாத் திசையிலும் ஆடும், சுழலவும் செய்யும்.

தூளி வகை: துணி மட்டும் தொங்கும், பலகை கிடையாது. உள்ளே படுத்துவிட்டால் இதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் காலூன்றி நிற்க உறுதியான இடமே இல்லாததால் ஏறுவது கடினம். தைரியமான இளம் பூனைக்குச் சரி. வயதானதற்கும் பயந்த சுபாவம் உள்ளதற்கும் வேண்டாம்.

தொங்கும் வகைகளில் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது தொங்கும் நீளம். அந்த நீளம் 30 செ.மீ. என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு சுமார் 1.1 நொடி, 60 செ.மீ. என்றால் சுமார் 1.6 நொடி. குட்டைக் கயிறு படபடவென்று ஆடும், நீளக் கயிறு நிதானமாக ஆடும். ஒரே கடையில் பார்த்த இரண்டு ஊஞ்சல்களில் ஒன்று மட்டும் 'துள்ளுவதாக'த் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அளவை எப்படிப் பார்ப்பது?

பூனை தூங்கும்போது ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுருண்டு படுத்திருக்கும்போது குறுக்களவு, பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். சாதாரண வீட்டுப் பூனை சுருண்டால் 35 முதல் 40 செ.மீ. வரும், நீட்டினால் 45 செ.மீ. சுற்றி வரும். உள்நீளம் நீட்டிய அளவைவிட 8–10 செ.மீ. கூடுதலாகவும், உள்ளகலம் சுருண்ட அளவுக்குக் குறையாமலும் இருந்தால் போதும். நடுத்தரப் பூனைக்கு 55 × 40 செ.மீ. உள்ளளவு பொருத்தமாக இருக்கும். மெயின் கூன் போன்ற பெரிய இனங்களுக்கு 70 × 50 செ.மீ. பாருங்கள்.

மிகப் பெரிதாக வாங்குவதும் தவறுதான். அகலமான படுக்கையில் பூனை நடுவில் படுக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், படுக்கை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே கிடக்கும். விளம்பரத்தில் வெளியளவைத்தான் போடுவார்கள். ஓரத்து மெத்தையின் தடிமனைக் கழித்துப் பாருங்கள்.

எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

பூனையின் எடையைப்போல் மூன்று மடங்கு. 4 கிலோ பூனைக்கு 12 கிலோ தாங்குவது. பூனை வைத்தாற்போல் ஏறுவதில்லை, குதித்து இறங்குகிறது. அந்த நொடியில் அதன் எடை பல மடங்காக அழுத்தும். கொக்கி, கயிறு, தையல் மூன்றில் எது பலவீனமோ அதுதான் மொத்தத்தின் பலம். துணிப்படுக்கையில் முதலில் போவது பெரும்பாலும் தையல். கயிறு சேரும் மூலைகளில் பெட்டி வடிவில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

எவ்வளவு தூரம் ஆடலாம்? எங்கே நிற்க வேண்டும்?

நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 10 டிகிரி போதும். 50 செ.மீ. அகலப் படுக்கையில் அது ஓரத்தைச் சுமார் 4 செ.மீ. இறக்கும். பார்க்கக் குறைவாகத் தெரியலாம். பூனைக்கு அது தாராளம். 15 டிகிரியைத் தாண்டினால் மெத்தை சரியத் தொடங்கும், பூனை நகத்தை ஊன்றிப் பிடிக்கும். பிடித்துக்கொண்டு படுப்பது ஓய்வு ஆகாது.

நல்ல தயாரிப்பில் வளைகட்டையின் இரு முனைகளிலும் ரப்பர் தடுப்பு இருக்கும். இல்லையென்றால் நீங்களே ஒட்டலாம். வளைவின் ஆரம் 60 செ.மீ., கட்டையின் நீளம் 40 செ.மீ. என்றால், அசையாமல் நிற்கும்போது முனை தரையிலிருந்து 3.4 செ.மீ. உயரத்தில் இருக்கும். முனையின் அடியில் 8 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் துண்டை ஒட்டினால் ஆட்டம் ஏறத்தாழ 10 டிகிரியில் நின்றுவிடும். கடினமான பிளாஸ்டிக் வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'டக்' என்று சத்தம் வந்தால் பூனை சத்தத்துக்குப் பயந்தே ஓடிவிடும்.

எந்தப் பக்கமாக ஏறுகிறது என்பது அவ்வளவு முக்கியமா?

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ஆனால் பெட்டியில் வரும் குறிப்பில் இதைப்பற்றி ஒரு வரி இருக்காது.

இடம்–வலமாக ஆடும் படுக்கையை எடுத்துக்கொள்வோம். படுக்கை 3 கிலோ, பூனை 4 கிலோ, வளைவின் ஆரம் 60 செ.மீ., எடையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 18 செ.மீ. உயரத்தில். பூனை வலது ஓரத்தில், நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளிக் காலை வைத்து ஏறினால் படுக்கை 15 டிகிரி வரை சாயப் பார்க்கும்; தடுப்பில் போய் இடிக்கும். அதே பூனை தலைமாட்டு வழியாகவோ கால்மாட்டு வழியாகவோ, நடுக்கோட்டின் மேலேயே ஏறினால் படுக்கை அசைவதே இல்லை எனலாம். அந்தத் திசையில் ஆட வளைவே கிடையாது.

எனவே ஆடும் பக்கங்களில் ஓரம் உயரமாகவும், ஆடாத முனையில் ஓரம் தாழ்ந்தும் இருக்கும் படுக்கையைத் தேர்ந்தெடுங்கள். தாழ்ந்த வாசல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பூனை ஏறும். ஏற்கெனவே வாங்கியது அப்படி இல்லையென்றால், ஆடும் பக்கம் ஒன்றைச் சுவரை நோக்கித் திருப்பி, இன்னொன்றின் முன்னால் ஒரு கூடையையோ நாற்காலியையோ சற்று இடம்விட்டு வைத்து வழியை அடைத்துவிடலாம்.

கனமான அடிப்பாகமும் கைகொடுக்கும். மேலே சொன்ன கணக்கில் படுக்கை 6 கிலோவாக இருந்தால் சாய்வு 11 டிகிரியாகக் குறைந்துவிடும். லேசான படுக்கையின் அடிப்பலகையில், சரியாக நடுவில், தட்டையான இரும்புத் தகடோ தைத்து மூடிய மணல் பையோ கட்டினால் இந்தப் பலன் கிடைக்கும். மெத்தைக்கு மேல் வைத்தால் எடை மேலே ஏறிப் பலன் குறைந்துவிடும்.

துணியும் மெத்தையும் எப்படி இருக்க வேண்டும்?

நகம் மாட்டாத, நெருக்கமான நெசவு. கான்வாஸ், கனமான பருத்தி, குட்டைமுடி ஃப்ளீஸ் எல்லாம் நல்லவை. டர்க்கி டவல் போல வளையம் வளையமாக நூல் நிற்கும் துணி வேண்டாம். நகம் மாட்டிக்கொண்டால் பூனை இழுக்கும், படுக்கை கூடவே ஆடும், பூனை பதறும். அந்த ஒரு நிகழ்ச்சி போதும், பல வார உழைப்பு வீணாகிவிடும். நகத்தை 2–3 வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டிவிடுவதும் நல்லது.

குஞ்சலம், தொங்கும் பந்து, எலாஸ்டிக் நாடா இருந்தால் முதல் நாளே வெட்டியெடுங்கள். அழகுக்காக வைக்கப்பட்டவை இவை. நீளமான நூலைப் பூனை விழுங்கினால் குடலை மடித்துச் சுருக்கிக் கிழிக்கக்கூடும், அறுவை சிகிச்சை வரை போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

மெத்தை 3–4 செ.மீ. தடிமனில், கையால் அழுத்தினால் அடிப்பலகை தட்டுப்படாத அளவு கெட்டியாக இருக்க வேண்டும். மிக மெத்தென்ற ஃபோமில் கால் புதையும். ஆடுகிற பரப்பின் மேல் புதைகிற பரப்பு என்றால் பூனைக்கு இரட்டைக் குழப்பம். மெத்தையின் அடிப்பக்கம் வழுக்காத துணியாக இருக்கட்டும், அல்லது நான்கு மூலையிலும் ஒட்டுப்பட்டை தைத்துவிடுங்கள்.

பூனை உடல் வெப்பத்தைத் தக்கவைக்க அதிகம் உழைக்காமல் இருக்கும் சூழல் ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி செல்சியஸ். நமக்குப் புழுக்கமாக இருக்கும் அறை அதற்கு இதமாக இருக்கும். அதனால் குளிர்ச்சியான அறையில், அடியில் காற்று புகும் தொங்கும் படுக்கையில் ஒரு கம்பளித் துணியாவது விரித்து வையுங்கள்.

மரம், வார்னிஷ், பசை ஆகியவற்றில் எதைக் கவனிப்பது?

மூக்கைக் கிட்டே வைத்து முகர்ந்து பாருங்கள். ரசாயன வாடை உங்களுக்கே வந்தால் பூனைக்குப் பல மடங்காக வரும். பிரித்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். வாடையை மறைக்க வாசனை எண்ணெய் தெளிப்பதுதான் மோசமான யோசனை. தேயிலை மர எண்ணெய், நாரத்தை வகை எண்ணெய்கள், ஃபினால் கலந்த கிருமிநாசினிகள் ஆகியவற்றைப் பூனையின் ஈரலால் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. படுக்கையில் பட்டது ரோமத்தில் ஒட்டும், ரோமத்தில் ஒட்டியது நாக்கு வழியாக உள்ளே போகும்.

மோட்டாரில் தானாக ஆடும் படுக்கை வாங்கலாமா?

வேண்டாம். பூனை நிறுத்த நினைத்தாலும் அது நிற்காது. தவிர, கடித்துவிடக்கூடிய மின்கம்பி, வாலோ பாதமோ நசுங்கக்கூடிய இணைப்பு, ஓயாத ரீங்காரம். பரிசாக வந்திருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சாதாரணப் படுக்கையாகப் பயன்படுத்துங்கள்.

பூனை ஏறுவதற்கு முன் என்னென்ன சோதித்துப் பார்க்க வேண்டும்?

ஐந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை ஒரு பைக்குள் இறுக்கிக் கட்டுங்கள். அது 5 கிலோ எடையுள்ள பூனைக்குச் சமம்.

பையை முதலில் நடுவில் வைத்து ஆட்டிவிடுங்கள். ஐந்தாறு ஆட்டத்தில் அடங்க வேண்டும். பத்து நொடிக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தால் வளைகட்டையின் அடியில் ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள், அல்லது ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். அடுத்து பையை ஒவ்வொரு ஓரத்திலும் மாற்றி மாற்றி வையுங்கள். எந்த ஓரத்திலும் கவிழக் கூடாது. கடைசியாக 25 செ.மீ. உயரத்திலிருந்து ஓரத்தில் போட்டுப் பாருங்கள். சட்டத்தின் கால் தரையிலிருந்து எழும்பினால் அது பூனைக்கு உகந்ததல்ல.

பிறகு இடுக்குகள். முழுதாக ஆடும்போதும் படுக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். பாதம் நுழைந்து சிக்கிக்கொள்ளும் 1 முதல் 3 செ.மீ. இடுக்குகளைத் துணியாலோ பலகையாலோ அடையுங்கள். தொட்டில் வகையில் பெரிய ஆபத்து வால்தான். வெளியே தொங்கும் வால் கட்டைக்கு அடியில் போய்விடக் கூடாது. வளைகட்டை படுக்கையின் விளிம்புக்கு நேர்கீழே இல்லாமல் 5 செ.மீ. உள்ளே தள்ளி இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

போல்ட்டுகளை இறுக்கிய ஒரு வாரத்தில் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள், அதன்பின் மாதம் ஒருமுறை. ஆடுகிற பொருளில் நட் தானாகக் கழலும். நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டாக மாற்றினால் இந்த வேலை மிச்சம்.

எங்கே வைப்பது?

பூனை இப்போது எங்கே தூங்குகிறதோ அங்கே. 'அந்த மூலை காலியாக இருக்கிறது, அங்கே வைக்கலாம்' என்பது நம் வசதி, பூனையின் விருப்பம் அல்ல. முதுகுப் பக்கம் சுவரும், முன்னால் அறை வாசல் தெரியும் பார்வையும் இருந்தால் நல்லது. சுவரில் இடிக்காமல் ஆட 10 செ.மீ. விடுங்கள். மணல் தட்டு, துணி துவைக்கும் இயந்திரம், ஆட்கள் நடக்கும் வழி, திறந்த ஜன்னல் ஆகியவற்றின் பக்கம் வேண்டாம்.

வழவழப்பான தரையில் தொட்டில் வகை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, காலையில் வைத்த இடத்தில் மாலையில் இருக்காது. மெல்லிய ரப்பர் விரிப்பு போடுங்கள். தடித்த கம்பளத்தில் கட்டை புதைந்து ஆட்டமே இருக்காது. அதுவும் பழக்கும் காலத்தில் ஒரு நன்மைதான்.

பழக்குவது எப்படி?

நாள் கணக்கு வேண்டாம். பூனை ஒரு படியில் நிம்மதியாக இருப்பதைப் பார்த்த பிறகே அடுத்த படி. எல்லாம் சரியாகப் போனால் 2 முதல் 4 வாரம் ஆகும்.

முதல் படி: முழுவதும் அசையாமல் கட்டுங்கள். தொட்டில் வகையில் இரு வளைகட்டைகளின் இரு முனைகளுக்கும் அடியில், ஆக மொத்தம் நான்கு இடத்தில், ஆப்பு செருகுங்கள். இறுக்கமாகச் சுருட்டிய துண்டும் போதும். ஊஞ்சல் வகையில் பலகைக்கு அடியில் கெட்டியான பெட்டியை வைத்து, கயிறு லேசாகத் தொய்யும்படி செய்யுங்கள். ஒரு ஓரத்தைக் கையால் ஓங்கி அழுத்தியும் அசையக் கூடாது. பூனை தினமும் படுக்கும் பழைய துணியை, துவைக்காமல், உள்ளே விரியுங்கள். கன்னத்திலும் பாதத்திலும் உள்ள சுரப்பிகளின் மணம் அதில் இருக்கும். 'இது என்னுடையது' என்பதற்குப் பூனைக்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

இரண்டாம் படி: தீனியின் ஒரு துணுக்கைப் படுக்கைக்கு அருகில் போடுங்கள், மறுநாள் விளிம்பில், அதற்கு மறுநாள் உள்ளே. ஒரு வேளைக்கு நான்கைந்து துணுக்குகள், ஒவ்வொன்றும் பட்டாணி அளவுக்கும் குறைவாக. தூக்கி உள்ளே வைக்காதீர்கள், ஒரு தடவைகூட. விளையாடிக் களைத்து, சாப்பிட்டு, நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, பூனை தூங்க இடம் தேடும் நேரம் ஒன்று உண்டு. தீனியை அந்த நேரத்தில் போட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் படி: ஆடாத படுக்கையில் தொடர்ந்து மூன்று நாள் தானாக வந்து தூங்கினால் ஆப்பைச் சற்று வெளியே இழுங்கள். விளிம்பு 1 செ.மீ. மட்டும் அசைய வேண்டும். பூனை இல்லாதபோது இதைச் செய்யுங்கள். கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இதுதான். பூனை ஒரு நாள் நன்றாகத் தூங்கிவிட்டது என்று ஆப்பை ஒரேயடியாக உருவிவிடுவார்கள். நம்பிய தரை காலடியில் நழுவினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நான்காம் படி: விளிம்பின் அசைவு 2 செ.மீ., பிறகு 3, பிறகு முழு ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள். இடையில் ஏறத் தயங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள்.

இறங்குவதையும் கவனியுங்கள். பூனை முன்னோக்கித் தாவும்போது அதே விசையில் படுக்கை பின்னோக்கிப் போகும். தாவல் குறைந்து, பூனை எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே விழும். ஆடாத முனையின் எதிரே வழுக்காத விரிப்பு ஒன்று போட்டால் அங்கேயே இறங்கப் பழகிக்கொள்ளும்.

பிடித்திருக்கிறதா, பயந்து உறைந்திருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அசையாமல் இருப்பது அமைதி என்று எண்ண வேண்டாம். காது பக்கவாட்டில் மடங்கி, கண்மணி விரிந்து, உடம்பு தாழ்ந்து, நகம் துணியில் பதிந்திருந்தால் அது பயம். பாதங்களை மார்புக்கடியில் மடித்து வைத்திருப்பது, மெதுவாகக் கண் சிமிட்டுவது, துணியை மாவு பிசைவதுபோல் மிதிப்பது, ஒருக்களித்துப் படுப்பது எல்லாம் நல்ல அறிகுறிகள். குறுகுறுவென்ற ஒலியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வலியிலும் பதற்றத்திலும்கூடப் பூனை அப்படி ஒலிப்பதுண்டு.

ஒருமுறை கவிழ்ந்து பயந்துவிட்டது. இனி வழியில்லையா?

உண்டு, ஆனால் அவசரம் கூடாது. படுக்கையை ஒரு வாரம் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். உறையைத் துவைத்து, வேறு இடத்தில், மெத்தையை மட்டும் தரையில் போடுங்கள். பூனை அதில் படுக்கத் தொடங்கிய பின் மெத்தைக்கு அடியில் ஆப்பு வைத்த படுக்கையைக் கொண்டுவாருங்கள், அங்கிருந்து முதல் படி. விழுந்த பிறகு நொண்டினாலோ, குதிக்கத் தயங்கினாலோ, தொட்டால் சீறினாலோ பழக்குவதை ஒத்திவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாமே ஆட்டிவிடலாமா?

கூடாது. குழந்தைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேட்னிப் தூவினால் சீக்கிரம் பழகுமா?

கேட்னிப் என்ற மூலிகைக்கு மயங்குவது மரபுவழி வருவது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள் மயங்கும், மற்றவை திரும்பிக்கூடப் பார்க்காது. சில மாதக் குட்டிகளுக்கும் அது வேலை செய்யாது. ஆப்பு வைத்திருக்கும் முதல் படியில் ஒரு சிட்டிகை தூவலாம். ஆடத் தொடங்கிய பிறகு வேண்டாம். மயக்கத்தில் புரண்டு உருண்டால் படுக்கை தாறுமாறாக ஆடும்.

வயதான பூனைக்கு ஏற்றதா?

12 வயதைத் தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரியும். நொண்டாமலே வலியை மறைத்துக்கொள்ளும். அவற்றுக்கு ஏறும் விளிம்பு 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, முன்னால் 5 செ.மீ. உயரத்தில் ஒரு படிக்கட்டை இருக்கட்டும், ஆட்டம் 3–5 டிகிரிக்குள் அடங்கட்டும். நேர்மையாகச் சொன்னால், இப்படியெல்லாம் குறைத்த பிறகு அது சாதாரணப் படுக்கைதான். நல்ல கெட்டி மெத்தையை நேரடியாக வாங்கிக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

குட்டிகளுக்கும் சினைப் பூனைக்கும்?

குட்டிகள் விழும்போது உடலைத் திருப்பிக் காலூன்றும் திறன் மூன்று நான்கு வாரத்தில் தொடங்கி ஆறேழு வாரத்தில்தான் தேறும். அதற்கு முன் தொங்கும் எதுவும் வேண்டாம். 4 மாதம் வரை ஆப்பு வைத்த தொட்டிலே போதும். சினைப் பூனை ஈனும் இடமாக இதைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். ஈனும் காலம் நெருங்கியதும் மறைவான, அசையாத பெட்டி ஒன்றைத் தயார் செய்துவிட்டு இதை எடுத்துவிடுங்கள்.

எந்தப் பூனைக்கு இது கூடவே கூடாது?

தலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, வட்டமாகச் சுற்றி நடப்பது, கண்மணி தானாக இங்கும் அங்கும் துடிப்பது ஆகியவை உட்காதின் சமநிலைக் கோளாறுக்கு அடையாளங்கள். அந்தப் பூனைக்குத் தரையே ஆடிக்கொண்டிருக்கும். வலிப்பு உள்ளவை, அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரிக்காதவை, கழுத்தில் கூம்பு மாட்டியவை ஆகியவற்றுக்கும் கூடாது.

இரண்டு பூனைகள் உள்ளன. ஒன்று போதுமா?

ஒரே படுக்கையில் இரண்டும் படுத்தால் ஒன்று குதிக்கும்போது மற்றதைத் தூக்கிவாரிப்போடும். எடைக் கணக்கும் இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படுக்கைகளின் எண்ணிக்கை பூனைகளைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். எல்லாமே ஆட வேண்டியதில்லை. இரண்டு ஆடும் படுக்கைகளை அருகருகே வைக்காமல், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வையுங்கள்.

கிறீச்சென்ற சத்தம் வருகிறது.

நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். நமக்குக் கேட்காத கிறீச்சொலியும் அதை விரட்டக்கூடும். காரணமே தெரியாமல் பூனை திடீரென்று ஒதுக்கினால் இணைப்புகளைப் பாருங்கள். மரத்தோடு மரம் உரசினால் நிறமற்ற, மணமற்ற மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். உலோகக் கொக்கியில் நைலான் வாஷர் போடுங்கள். தெளிப்பு எண்ணெய்கள் வேண்டாம், நக்கிவிடும்.

எப்படித் துவைப்பது?

இரண்டு உறைகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். உறையைத் துவைக்கும் வாரத்தில் உள்விரிப்பைத் துவைக்காமல் விட்டால் பூனையின் மணம் முழுவதும் போய்விடாது. மணமற்ற சோப்பு போதும், துணிமென்மையாக்கி வேண்டாம். தெள்ளுப்பூச்சி இருந்தால் மட்டும் இந்தத் தயவு கிடையாது. முட்டைகள் பூனையின் உடம்பிலிருந்து உதிர்ந்து படுக்கையில்தான் சேரும், எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து முழுதாக உலர்த்துங்கள். பெர்மெத்ரின் கலந்த பூச்சிமருந்தைப் படுக்கையில் தெளிக்காதீர்கள். நாய்களுக்குத் தாராளமாகப் பயன்படும் அந்த மருந்து பூனைக்கு நஞ்சு.

படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டது.

நொதி கலந்த சுத்திகரிப்பானால் துடையுங்கள். அம்மோனியா உள்ளதைத் தொடாதீர்கள், அதன் வாடை சிறுநீரைப்போலவே இருப்பதால் மீண்டும் அங்கேயே கழிக்கும். இது படுக்கைமீது கோபம் என்று முடிவு கட்டுவதற்கு முன் உடல்நலத்தைப் பாருங்கள். ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் குழாய் அடைத்திருக்கலாம். அது சில மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாத அவசரநிலை.

ஒரு மாதம் ஆகியும் ஆடினால் ஏற மறுக்கிறது. என்ன செய்வது?

ஆப்பை நிரந்தரமாக ஆணியடித்துவிடுங்கள். ஆடாத நிலையில் அது விரும்பிப் படுத்தால் பணம் வீணாகவில்லை. ஆடாமலும் ஏறவில்லை என்றால் தவறு ஆட்டத்தில் இல்லை. இடம், துணி, விளிம்பின் உயரம் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம் கொடுங்கள். பல பூனைகளுக்கு இடத்தை மாற்றியதோடு பிரச்சினை முடிந்துவிடும். மூன்றையும் மாற்றிப் பார்த்த பிறகும் அது படுக்கை வந்த அட்டைப்பெட்டியிலேயே தூங்கினால், அட்டைப்பெட்டியை எறியாமல் வைத்துக்கொண்டு, படுக்கையை வேறொரு பூனை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் உறையைத் துவைத்துவிடுங்கள். அந்நியப் பூனையின் மணம் இருந்தால் அங்கேயும் யாரும் ஏறமாட்டார்கள்.